நூலின் வடிவமும் வாசிப்போர் உரிமையும்

நமது இலக்கிய வரலாற்று நூல்களைக் கற்போர்க்கு ஒரு குறை விரைவிலே புலப்படும். அவை புலவரின் காலத்தை ஆராய்கின்றன, சமயத்தை ஆராய்கின்றன, பாடபேதங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடுகின்றன. ஆனால், ஒரு நூல் எதன்மீது எழுதப்பட்டது, எவ்வாறு கட்டப்பட்டது, எவர் வீட்டில் வைக்கப்பட்டது, அதனை எடுத்துப் பிரிக்கும் உரிமை எவர்க்கு இருந்தது என்னும் வினாக்களை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. முற்போக்கு விமரிசகரும் இதற்குப் புறம்பானவரல்லர். உருவமா உள்ளடக்கமா என்று பல்லாண்டுகள் விவாதம் நடந்தது. அவ்விவாதத்திலே உருவம் என்ற சொல் யாப்பையும் நடையையும் உத்தியையும் குறித்ததேயன்றி, தாளையும் தையலையும் விலையையும் குறிக்கவில்லை. பொருள்முதல்வாதம் பேசுவோர் நூலை மாத்திரம் உடலற்ற ஆன்மாவாகக் கொண்டது விந்தையே.

தமிழ் நூல் ஓலையை விட்டுத் தாளுக்கு வந்த கதை நமக்குப் பழக்கமானது. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்த பெரியார் சிலர் தமிழை அழிவினின்று மீட்டனர் என்று அக்கதை சொல்லப்படும். அவர்களது உழைப்பை நாம் ஒருகாலும் குறைத்து மதிப்பதற்கில்லை. எனினும், மீட்கப்பட்டது எது என்பதை மட்டும் சொல்லி, அது எவர் கைக்குப் போயிற்று என்பதைச் சொல்லாது விடுவது பாதி வரலாறே. நூலின் வடிவம் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் வாசகன் யார் என்ற கேள்விக்கு ஒரு சமுதாயம் விடை கூறியிருக்கிறது. சிலவேளை அது அவ்விடையை மறுத்தும் இருக்கிறது.

ஓலை நூலை முதலில் நோக்குவோம். பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடியாகும். ஓலையின் அகலம் பெரும்பாலும் ஓரங்குலத்தைச் சற்றே கடக்கும். அதற்குள்ளே எழுத்தாணியாற் கீறி, கரியோ பச்சிலைச் சாறோ பூசி எழுத்தைத் துலங்கச் செய்வர். எழுத்தாணி கூரியது, புள்ளியிட்டால் ஓலை பொத்துவிடும் என்ற அச்சம் உண்டு. ஆகவே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் ஏட்டில் வேற்றுமையில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே நிற்கும். எரி என்பதும் ஏரி என்பதும் ஓலையிலே ஒரே வடிவம். கொடு என்று எழுதியிருப்பதைக் கோடு என்றும் படிக்கலாம். வேறொரு விதமாகவும் படிக்கலாம். செய்யுள் அடி முடியுமிடத்தில் வரி முடிவதில்லை; சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை; செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதும் பழகிய கண்ணுக்கே தெரியும்.

இத்தகைய நூலைத் தானே எடுத்துத் தனியே இருந்து ஒருவன் முதன்முறையாகப் படித்துணர்வது எளிதன்று. படிப்பவன் பாட்டை முன்னமே அறிந்திருக்க வேண்டும். அல்லது அறிந்த ஒருவர் அருகிருக்க வேண்டும். கல்வியைப் பாடங்கேட்டல் என்று நம்மவர் வழங்கிய சொல்லை இங்கே கவனித்தல் தகும். பாடம் படிக்கப்படுவதற்கு முன் கேட்கப்பட்டது. மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் சாமிநாதையர் கற்றதும் அவ்வாறே. ஓலை நினைவுக்குத் துணை செய்தது; நினைவின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளவில்லை. ஆகவே நூலின் உண்மையான உறைவிடம் ஆசிரியரின் நெஞ்சமாயிருந்தது. அந்நெஞ்சத்தை அணுகும் வாயில் மடத்திலோ வசதி படைத்தோர் திண்ணையிலோ இருந்தது. அவ்வாயிலிலே சாதி காவல் நின்றது.

எழுத்தைப் படிக்க இயலாமை சிலருக்குக் கட்டாயமாக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயத்தில், எழுத்து இத்துணை அரிதிற் படிக்கத்தக்கதாய் இருந்ததனால் ஆள்வோருக்கு இடர்ப்பாடு எதுவும் நேரவில்லை. ஓலையின் குறைகள் யாவும் வேண்டுமென்றே வகுக்கப்பட்டவை என்று நாம் கூறவில்லை. அவை பொருளின் இயல்பிலிருந்து வந்தவை. ஆயினும், தொல்காப்பியம் புள்ளிக்கு விதி கூறியிருந்தும், நூற்றாண்டுக் கணக்காக அவ்விதியை ஏட்டில் நிறைவேற்றும் தேவையை எவரும் பெரிதாக உணரவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் இடும் இரட்டைச்சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வகுக்கப்பட்டது. வீட்டிலே தமிழ் கேளாது வளர்ந்தவர் ஒருவருக்கே அக்குறை உறுத்தியிருக்கிறது. அந்நியர் காதுக்கு ஐயமுண்டாக்கிய இடங்கள் நம்மவர்க்கு மனப்பாடத்தினால் மூடப்பட்டிருந்தன.

ஓலைக்கு மற்றொரு நியதியும் உண்டு. அது நிலைத்து நில்லாது. பூச்சியும் ஈரமும் அதனைத் தின்னும். சில தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்தெழுதாவிட்டால் நூல் மறையும். பெயர்த்தெழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளுக்குச் சோறிட ஒருவர் வேண்டும். எனவே எந்த நூல் வாழவேண்டும் என்பதை ஒவ்வொரு தலைமுறையிலும் செல்வமுடையோர் தீர்மானித்தனர். ஆடிப்பெருக்கிலே பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதாகக் கேட்டு நாம் வருந்துகிறோம். எழுதப்படாமலே, எழுதுவிக்க ஆளின்றியே போன பாடல்களின் தொகை அதனினும் பெரிதாயிருத்தல் வேண்டும். உழவரும் மீனவரும் கைவினைஞரும் பாடியவை ஓலையின் அருமையால் ஏடேறாமற் போயின.

அச்சு வந்த வரலாற்றின் முற்பகுதியை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம், தமிழெழுத்து வார்த்து அச்சிட்ட நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழையது, பதினாறே பக்கம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவினார். புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அயலிலுள்ள பொறையாற்றிலே தாள் செய்யும் ஆலையொன்றும் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1830களில் அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் அச்சு நடத்தினர். 1841இல் உதயதாரகை தோன்றியது. இவை அனைத்தும் சமயம் பரப்பும் நோக்குடையவை. ஆனால், தம் சமயத்தை அறியாதவனுக்கு அதனைச் சொல்ல முற்படுபவன், வாசகன் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறான் என்று எதிர்பார்த்தல் இயலாது. முன்னறியாத வாசகன் ஒருவனை மனத்திற்கொண்டு அச்சுப் பக்கம் அமைக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையை நம்மவருள் மிக நன்றாக உணர்ந்தவர் நாவலர். 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சுக்கூடத்தின் நூல்களைக் கையிலெடுத்துப் பார்ப்போர் அதனை அறிவர். வசனம் குறியீடுகளோடு நிற்கிறது. கடினமான சந்திகள் தளர்த்தப்படுகின்றன. பாலபாடங்கள் வயதுக்கேற்பப் படிப்படியாகச் செல்கின்றன. புராணத்தை வசனமாக்கியமையே ஆசிரியரின் துணையின்றிப் படிக்கும் வாசகனை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்று. மிஷனரியின் ஆயுதத்தை எடுத்து மிஷனரியையே எதிர்த்தார் என்று பலரும் கூறுவர். ஆயின், அவ்வாயுதத்தினுள் அடங்கியிருந்த பொதுமையை அவர் முழுவதும் ஏற்றாரல்லர். சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் கூறாகவே அவர் வைத்துப் போற்றினார். நூலின் பக்கம் எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்தது; பாடசாலையின் கதவோ எவர்க்கும் திறக்கவில்லை. அம்முரண்பாடு அவரோடு முடிந்ததுமன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமான ஆசனத்தில் அமரலாம் என்ற விதி வந்தபோது, அதற்கெதிராகப் பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. நிலத்திலிருந்து படித்த பிள்ளைக்கும் வாங்கிலிருந்து படித்த பிள்ளைக்கும் அச்சிட்ட பாலபாடம் ஒன்றேயாயிருந்திருக்கலாம். வடிவம் ஒன்றைச் சாத்தியமாக்கும்; சமுதாயம் அதனை நிறைவேற்றாது நிறுத்தியும் வைக்கும்.

சங்க நூல்களின் முதற் பதிப்புக்களைப் பற்றியும் இதே நோக்கிற் சில கூறலாம். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார், அதே ஆண்டிற் சாமிநாதையரின் சீவகசிந்தாமணி வந்தது, 1894இல் புறநானூறு. சிந்தாமணிக்குப் பொருள் தேட ஐயர் கையொப்பக்காரரைச் சேர்த்த வரலாறு அவரது சுயசரிதையைப் படித்தோர் அறிந்ததே. அக்கையொப்பக்காரர் எவர்? உத்தியோகத்தர், நிலமுடையோர், மடங்கள். ஓலையைப் பேணியோரும் அச்சு நூலை முதலில் வாங்கியோரும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தார். நூலின் முகப்பிலே வந்த சிறப்புப்பாயிரங்கள் பழைய புரவலர் மரபின் தொடர்ச்சியாகும். அச்சு வந்தவுடனே தமிழ் மக்களுக்குப் பொதுவாயிற்று என்பது அழகிய நம்பிக்கை மாத்திரமே.

ஆனாற் பதிப்பாசிரியர் தம்மையறியாமலே வேறொரு வாயிலையும் திறந்துவிட்டனர். பக்கத்திற்கு எண் உண்டு. ஒரு பதிப்பின் பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த எண் ஒன்றே. செய்யுள் தனித்து நிற்கிறது; அடிக்குறிப்பிலே பாடபேதம்; இறுதியில் அரும்பத அகராதி. ஏட்டில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறதென்று காண முழு நூலையும் மனத்தில் ஏற்றியிருக்க வேண்டும். அச்சு நூலிலோ அதனை ஒரு மாணவன் அரை நாழிகையிற் கண்டுவிடுவான். புலமை என்பது ஒருவரது நினைவுச் சொத்தாயிருந்த நிலை இதனால் அசைந்தது. ஆசிரியர் கூற்றை ஐயுற்று, இன்ன பக்கத்தில் இவ்வாறன்றோ இருக்கிறது என்று மாணவன் கேட்கும் நிலை பிறந்தது. பேராசிரியர் கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரநிலைக் கவிதை பற்றிய ஆராய்ச்சி, சங்கப் பாடல்களின் வாய்மொழிப் பண்பை நிறுவ முயன்றது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களை ஒப்புநோக்கிச் செல்லும் அவ்வாராய்ச்சி, அச்சுப் பக்கமும் அகராதியும் இல்லாத உலகில் நினைத்தற்கும் அரியது. வாய்மொழியைக் கண்டுகொள்ள அச்சு வேண்டியிருந்தது.

நமது புலவர் உலகம் தன் வரலாற்றிலே எழுதிக்கொள்ளாத நூல்கள் சில உண்டு. அவற்றிடம் வருவோம். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லியரசாணிமாலை என்பன போன்றவை அவை. இரத்தின நாயகர் முதலிய சென்னைப் பதிப்பாளர் மட்டமான தாளிலே, மெல்லிய அட்டையிலே, பக்கத்துக்கு ஒரு முரட்டுச் சித்திரம் தோன்றுமாறு இவற்றை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளினர். பெரிய எழுத்து என்பது நூலின் பெயரோடு ஒட்டிக்கொண்டமை நகைப்புக்குரியதாகப் பண்டிதர்க்குத் தோன்றியிருக்கலாம். நாம் அதனை வேறாகக் காண்கிறோம். தமிழ்ப் பதிப்புத் துறையிலே வாசகனின் கண்ணைப் பற்றி, அவனது மங்கலான விளக்கைப் பற்றி, அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகத்தைப் பற்றி முதன்முதலாக எண்ணிப் பார்த்தவர் இம்மலிவுப் பதிப்பாளரே. அவர்கள் இலாபத்துக்காகவே அவ்வாறு செய்தனர் என்பது மெய். இலாப நோக்கம் கண்டுகொண்ட வாசகனைப் புலமை கண்டுகொள்ளவில்லை என்பதும் மெய்யே. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட முச்சந்தி இலக்கியம் என்னும் நூல் இப்பாட்டுப் புத்தக உலகத்தை ஆராய்ச்சிக்கு உரியதாக்கியது. அதுவரை நமது பல்கலைக்கழகங்கள் இவற்றைத் தூசியாகவே கருதின.

இந்நூல்கள் தனியே மௌனமாகப் படிப்பதற்கு ஏற்பட்டவையுமல்ல. எழுத்தறிந்த ஒருவர் இராகத்தோடு படிப்பார், சூழ்ந்திருப்போர் கேட்பர். பாடங்கேட்டல் இங்கும் உண்டு. ஆனாற் படிப்பவர் குருவல்லர். அவர் அதே தெருவைச் சேர்ந்த தொழிலாளி. பாடத்தின் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவர்க்கில்லை. கேட்போர் இடைமறித்துத் திருத்துவர், அழுவர், ஏசுவர். ஓலைக்கும் மௌன வாசிப்புக்கும் இடையிலே நின்ற இந்தக் கூட்டு வாசிப்பைக் குறித்து நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

தொழிற்சங்க இயக்கம் இவ்வடிவத்தைக் கைக்கொண்டது தற்செயலன்று. மலையகத்திலே கோ. நடேசய்யரோடு சேர்ந்து உழைத்த மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 1940இற் சிறு நூலாக அச்சேறின. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்க்கு அன்று கட்டிய நூலொன்றை வாங்க வழியுமில்லை, வைக்க இடமுமில்லை. லயத்து அறையிலே அலுமாரி ஏது? மடித்து மடியிலே செருகத்தக்க, பாடிக் கேட்டவுடன் மனத்திற் பதியத்தக்க, கங்காணி கண்டு பறித்தாலும் பெரிய நட்டமில்லாத நூலே அங்கு நூலாக இருத்தல் இயலும். இலக்கிய வரலாற்றிலே இச்சிறு பிரசுரங்களுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நூலகங்கள் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. அட்டையும் முதுகும் இல்லாதது நூலாகாது என்று நூலகர் எண்ணியிருத்தல் கூடும்.

பழைய இலக்கியத்தை இதே மனப்பான்மையோடு கொண்டுசென்ற முயற்சி ஒன்றைக் குறிப்பிடாதிருத்தல் நன்றியன்று. 1950களிலே சென்னையில் மர்ரே ராஜம் நடத்திய பதிப்புத் திட்டமே அது. பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை முதலிய அறிஞர் துணையோடு, சந்தி பிரித்து, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, மலிந்த விலையிலே சங்க நூல்கள் வெளிவந்தன. சந்தி பிரித்தால் யாப்புக் கெடும், ஓசை குன்றும் என்று எதிர்த்தவருளர். அவ்வாதத்திலே பொருளில்லாமலில்லை, செய்யுளை ஓதிப் பார்ப்போர்க்கு அது விளங்கும். எனினும் அகவலின் ஓசையைக் காப்பதற்காக அகவலையே ஒருவன் படிக்கவியலாமற் செய்வது எவ்வகை நியாயம்? ஒரு வெற்றிடம், ஓர் எழுத்தின் அகலமேயுள்ள வெள்ளைத் தாள், பண்டிதரின் துணையின்றிப் புறநானூற்றைத் தொட ஒருவனை அனுமதித்தது. நமது பாடசாலை மேல்வகுப்புகளில் இன்றும் பழைய பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது முதலிற் சந்தி பிரித்தே எழுதுகிறோம்.

இனி, நமது நாட்டிலே நூலின் உடல் என்பது தாள் என்னும் எளிய உண்மையைச் சற்றே நோக்கவேண்டும். பனை நம் வேலியில் நின்றது. கடதாசி கப்பலில் வருகிறது. 1950களில் வாழைச்சேனையிலே வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு கடதாசி ஆலை நிறுவப்பட்டபோது, அது வெறும் கைத்தொழிற் செய்தியாகவே கருதப்பட்டது. இலக்கியச் செய்தியாக எவரும் கருதவில்லை. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், வீரகேசரி நிறுவனம் மலிவான சிறு நாவல்களை வெளியிடத் தொடங்கியது. பாலமனோகரனின் நிலக்கிளி 1973இல் அவ்வாறு வந்ததே. வன்னி மண்ணின் வாழ்க்கை ஆயிரக்கணக்கான கைகளுக்குச் சென்றதற்கு ஆசிரியரின் ஆற்றலோடு ஒரு சுங்க விதியும் காரணமாயிற்று. 1990களிற் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பித் தாளிலே, நீலக் கோடுகளின்மேல் அச்சாகி வந்தன. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி கிடைக்காது மேல்மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. சிந்தனைச் சுதந்திரம் பற்றிப் பேசுவோர் கடதாசி விலையையும் சேர்த்துப் பேசுதல் நன்று.

1981 மே 31ஆம் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தனவென்பர். அச்சிட்ட நூல் எரிந்தால் வேறோரிடத்தில் அதன் உடன்பிறப்பு இருத்தல் கூடும். ஏடு எரிந்தால் எரிந்ததே. எரித்தவர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனரோ இல்லையோ, நாம் அறிந்தோம். 2005இல் நூலகம் என்னும் பெயரிலே இணையத்தில் எழுந்த தொகுப்பு, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எவரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. முன்னே நாம் சொன்ன முதுகில்லாத பிரசுரங்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. இது பெரும் பணி. இதற்கு முன்னரே 1998இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்துருவாகத் தரத் தொடங்கியிருந்தது.

ஆயினும் திரையை நோக்கி ஆர்ப்பரிப்போரை நாம் ஒரு வினாக் கேட்போம். ஓலைக்கு வீடு வேண்டியிருந்தது. அச்சுக்குக் காசு வேண்டியிருந்தது. திரைக்கு வேண்டுவன எவை? கருவி, மின்சாரம், இணைப்பு, மாதந்தோறும் கட்டணம். 1945இற் கல்வி இலவசமாயிற்று. 1980இற் பாடநூலும் இலவசமாயிற்று. அரசு கொடுக்கும் அந்தப் பாடநூல் பல வீடுகளில் உள்ள ஒரே தமிழ் நூலாகும். அதன் தாள் மெல்லியது. தையல் வருடம் முடியுமுன் விடும். தமிழ்ப் பிழைகளும் உண்டு. இருந்தும் மலையுச்சித் தோட்டத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே பக்க எண்ணைச் சொல்லி எடுக்கச் சொல்ல ஓர் ஆசிரியரால் இயலுகிறது. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த மாதங்களில் அப்பொதுமை குலைந்தது. பாடங்கள் வட்ஸ்அப்பிலே படங்களாகச் சென்றன. வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலை முடிந்து வந்தபின்பே கிடைக்கும். எம் மாணவரிற் சிலர் இரவிலே அச்சிறு திரையைப் பார்த்துப் பாடத்தைக் கொப்பியிற் பெயர்த்தெழுதினர். தொலைபேசியே இல்லாத அயல்வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் அக்கொப்பியை இரவல் வாங்கித் தாமும் பெயர்த்தெழுதினர். பாடசாலை திறந்தபின் அக்கொப்பிகளைத் திருத்தும்போது, ஒருவர் விட்ட புள்ளி அடுத்த மூவரின் கொப்பியிலும் விடுபட்டிருந்ததைக் கண்டோம்.